எங்கள் பழைய சிவிக்கும் மிராபெல் ஓடுபாதையும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)



விழாக் குழுவினர் வந்து "அண்ணை, நீங்கள் ஒரு பேச்சுப் பேச வேணும்" என்று கேட்டபோது, புத்தாண்டின் சிறப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "இல்லை, நீங்களும் மகனும் அந்தப் பழைய காரை வைச்சுப் போட்டிக்கு ஓடினனீங்கள்தானே, அதைச் சொல்லுங்கோ" என்றார்கள். வீட்டிலே சொன்னேன். மனைவி சமையலறையில் இருந்தபடியே, "இஞ்சாருங்கோ, நல்ல நாளும் பெருநாளுமாய் நாலு வீட்டுப் பெடியளைக் கெடுக்கப் போறியளோ?" என்று கேட்டா. அவ இப்ப முன்வரிசையில் இருக்கிறா. கெடுக்கிறேனா இல்லையா என்று முடிவில் அவவிடம் கேளுங்கள்.

ஊரிலே வருடப்பிறப்பு என்றால் என்ன செய்தோம்? காலமை மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேஷம் வாங்கி, போர்த்தேங்காய் அடித்து, பின்னேரம் எல்லோரும் வெளிக்கிட்டுப் போனது எங்கே? மாட்டுவண்டிச் சவாரி பார்க்கத்தானே. சவாரி மாடு வைத்திருந்தவர் ஊரில் ஒரு மரியாதைக்குரிய மனிதர். அந்த மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் உழுந்தும் தீத்தி, பிள்ளையைப் போல வளர்த்தார்கள். ஓடுகிறவனைக் காவாலி என்று யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் சவாரிக்கு ஒரு திடல் இருந்தது, ஒரு நாள் இருந்தது, ஆரம்பக் கோடும் முடிவுக் கோடும் இருந்தன, நடுவர் இருந்தார். சந்தை றோட்டிலே சனத்துக்குள்ளே ஒருவரும் சவாரி விடவில்லை. வேகத்திலே ஆசை கனடாவில் பிறந்த வருத்தம் இல்லை. ஆனால் இஞ்சை எங்களுடைய பிள்ளைகளுக்கு அந்தத் திடல் எங்கே இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுக்கே தெரியாது.

பழைய காரை மாற்றியமைக்கிறதும் எங்களுக்குப் புதிது இல்லை. 1990ஆம் ஆண்டு யூனில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் சித்தப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 நின்றது. ஊசி போடுகிற சிறிஞ்சில் கொஞ்சப் பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவோம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். பிளக் கரி பிடிக்கும், கழற்றித் தேய்த்துப் பூட்டுவோம். புகை என்றால் அப்படி ஒரு புகை. அந்தக் காரிலேதான் பிள்ளைப்பேற்றுக்கும் போனார்கள், கலியாணத்துக்கும் போனார்கள். இப்ப இங்கே பெடியள் சைலன்சரை மாற்றிப்போட்டு "மொடிபை பண்ணிப்போட்டன்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். நான் கார் வேலை பழகினது அந்த ஏ40இல்.

நான் 1993இல் இந்த நாட்டுக்கு வந்தேன். அந்தக் காலத்தில் ஐரோப்பாப் பக்கமிருந்து மொன்றியலுக்கு வந்தவர்கள் எல்லோரும் மிராபெலில்தான் இறங்கினோம். இந்த மண்டபத்தில் மிராபெலில் "நான் அகதி" என்று சொன்னவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, பாதி மண்டபம்! அந்த விமான நிலையத்தை மறந்துவிடாதேங்கோ, பிறகு அங்கே திரும்பிப் போவோம்.

எங்கள் கார் 2000ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், நாலு கதவு. 2004இல் இரண்டாம் கையாக வாங்கி, கோயிலுக்குக் கொண்டுபோய், ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துக் கொண்டுவந்தோம். 1.6 லீற்றர் எஞ்சின், 106 குதிரைவலு. பத்து வருடம் அது தமிழ்ப் பள்ளிக்கூடம், நடன வகுப்பு, ரொறன்ரோ கலியாணவீடு, கோஸ்ற்கோ என்று ஓடியது. 2014இல் நாங்கள் ஒரு கொறோலா எடுத்தபோது, லைசென்ஸ் எடுத்திருந்த மகனிடம் சிவிக்கைக் கொடுத்தோம். கொடுத்தது என் பிழை என்று அடுத்த வருடம் மனைவி எனக்குப் பல தடவை நினைவுபடுத்தினா.

2015 ஆடி மாதம் ஒருநாள் இரவு ஒன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. சன்-லோறன் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கிற றோட்டு. 50இல் போக வேண்டிய இடத்தில் 92. பக்கத்தில் இன்னொரு கார். கியூபெக்கிலே 60 அல்லது அதற்குக் குறைந்த வேக எல்லையில் 40 கூட ஓடினால் அது சாதாரண ரிக்கற் இல்லை. 2008இலிருந்து அதற்குத் தனிச் சட்டம்: தண்டமும் புள்ளியும் இரட்டிப்பு, லைசென்ஸ் அந்த இடத்திலேயே ஏழு நாளைக்குப் பறிப்பு. புதிதாக எடுத்த தற்காலிக லைசென்சுக்கு நாலு புள்ளி வந்தாலே மூன்று மாதம் போய்விடும். இவருக்கு வந்தது ஆறு. நான் போய் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவனும் கதைக்கவில்லை.

அடிக்கிறதா, பேசுகிறதா, காரை விற்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சபையில் ஒரு தாய் இருக்கிறா. பெயர் சொல்லமாட்டேன். அவவிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவவின் மகன் 21 வயதில் றோட்டிலே போனவன். அந்தத் தகப்பனும் காரை விற்றவர்தான். பிள்ளை சிநேகிதனின் காரிலே ஓடினான்.

மூன்றாம் நாள் மகனைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்கு ஓட விருப்பம் எண்டால் ஓடுற இடத்திலை ஓடு. நானும் வாறன்" என்றேன். அவன் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான்.

லைசென்ஸ் திரும்பி வந்த பிறகு முதன்முதல் போனது சேர்க்கிட்டுக்கு இல்லை. ஸ்லாலோமுக்கு. பெரிய வெறும் தரிப்பிடத்திலே செம்மஞ்சள் கூம்புகளை வைத்து ஒரு வளைந்த பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். மணிக்கூட்டோடுதான் போட்டி. பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். கூம்பை இடித்தால் நேரத்திலே தண்டம். வீட்டுக் கார் அப்படியே போகலாம். நல்ல பிரேக், நல்ல ரயர், பூட்டிய பற்றரி, ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். சென்-உஸ்ராஷில் இருந்த திடலுக்குப் போனோம். அது 2019 பருவத்தோடு மூடப்பட்டுவிட்டது; பாவம், நல்ல இடம். எத்தனையோ பெடியளை இரவு றோட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த இடம் அது.

மகன் முதல் நாளே முதலாம் இடம் வருவான் என்ற எண்ணத்தில் வந்தான். தலைமயிர் நரைத்த ஒரு கியூபெக் அம்மா, தன்னுடைய பழைய கொறோலாவில் வந்து, இவனை நாலு செக்கனால் வென்றா. நாலு செக்கன் என்றால் அந்த விளையாட்டில் ஒரு யுகம். அதைவிடப் பெரிய அவமானம், நானும் இவனை வென்றுவிட்டேன். நான் மெதுவாக ஓடினேன், ஆனால் கூம்பு ஒன்றையும் இடிக்கவில்லை. அந்த அம்மாவிடம் இவன் போய், "எப்படி?" என்று கேட்டான். "நீ உன் பொனெற்றைப் பார்க்கிறாய், நான் மூன்றாவது கூம்பைப் பார்க்கிறேன்" என்று சொன்னா. நான் பத்து வருடம் சொன்னால் கேட்காத பிள்ளை, அவ ஒருக்காச் சொல்லக் கேட்டான். பரவாயில்லை.

அடுத்த வருடம், 2016 கோடையில், உண்மையான ஓடுபாதைக்குப் போனோம். எங்கே? மிராபெலுக்கு. 2004இல் பயணிகள் விமானங்கள் நின்ற பிறகு, விமான நிலைய நிலத்திலே ஒரு சேர்க்கிட் வந்துவிட்டது. விமான நிலையமும் காரோட்டமும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நீளமான, தட்டையான, கல்லும் மரமும் இல்லாத தார் நிலம் வேறு எங்கே கிடைக்கும்? சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்தகாலத்துப் பழைய விமான ஓடுதளத்திலேதான் பல வருடமாக காரோட்டப் போட்டி நடந்தது. பியற், ஹெரால்ட் என்று வீட்டுக் கார்களைத்தான் மாற்றியமைத்து ஓடினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனிச் சேர்க்கிட் வந்தது அதற்குப் பிறகுதான். இலங்கையிலே களுத்துறைப் பக்கம் கட்டுக்குறுந்தவும் அப்படித்தான், விமானத் தளம். கோயம்புத்தூர்க்காரர் கரிவர்தன், மாருதி வீட்டுக் காரின் எஞ்சினை எடுத்துப் போட்டிக் கார் கட்டி, பெடியள் குறைந்த செலவில் ஓடப் பழக வழி செய்தவர். 1995இல் ஹெலிகொப்ரர் விபத்தில் இறந்தார். அதே கோயம்புத்தூரிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா வண் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருடமே எங்கள் மொன்றியலிலும் ஓடினார்.

மிராபெல் வாசலில் காரைப் பரிசோதிக்கிற ஒரு வயதான மனிதர் நின்றார். சிவிக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பற்றரியை அசைத்துப் பார்த்தார், சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், பெடலை மிதித்துப் பார்த்தார். உள்ளே கண்ணாடியிலே தொங்கின எலுமிச்சம்பழமும் மிளகாயும், டாஷ்போட்டில் ஒட்டியிருந்த முருகன் சிலையும் அவருக்குப் பிடிக்கவில்லை. "முசியே, காருக்குள்ளே பறக்கக் கூடியது ஒன்றும் இருக்கக் கூடாது" என்றார். அது நியாயம். தண்ணிப் போத்தல், பிள்ளையின் செருப்பு, சில்லறைக் காசு, எல்லாம் வேகத்தில் கல்லுத்தான். முருகனைக் கழற்றி மனைவியின் கைப்பைக்குள் வைத்தோம். அடுத்த முறை அவ கூரைக்கு உள்பக்கம் முருகன் ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டா. அது பறக்காது.

அந்த மனிதரிடம் நான், "இதிலைதான் நான் 1993இல் வந்து இறங்கினேன்" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். "எங்கள் அப்பாவின் தோட்டம் அங்கே இருந்தது" என்றார். 1969இல் இந்த விமான நிலையம் கட்டுவதற்கு அரசாங்கம் 97 ஆயிரம் ஏக்கர் நிலத்தை விவசாயிகளிடமிருந்து எடுத்தது. பெரும்பகுதி தேவைப்படவே இல்லை. நாங்கள் வந்து இறங்கின கட்டடத்தையும் 2014இல் இடிக்கத் தொடங்கினார்கள். அவரும் நானும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். பிறகு அவர், "பிரேக் ஒயில் எப்போது மாற்றினாய்?" என்று கேட்டார். நான், "நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன முட்டாள் பதில்களில் அது ஒன்று.

மூன்றாவது சுற்று. மகன் ஓடுகிறான், நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன். நீளமான நேர்ப்பாதையின் முடிவில், எல்லோரும் பிரேக் பிடிக்கிற இடத்தில், சிவிக் நிற்கவில்லை. நேரே போய், வளைவைத் தாண்டி, புல்லுக்குள் இறங்கி, நீளமாக ஓடி நின்றது. அங்கே மதில் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை, றோட்டைக் கடக்கிற மனிசர் இல்லை. அதுக்குத்தான் சேர்க்கிட் என்று பெயர். கொடிக்காரர்கள் மஞ்சள் கொடி காட்டி மற்றவர்களை மெதுவாக்கினார்கள். மகன் இறங்கி வந்தான். முகத்திலே இரத்தமில்லை. "அப்பா, பெடல் கீழே போட்டுது. ஒண்டுமே இல்லை" என்றான்.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேணும், ஏனென்றால் இங்கே இருக்கிற எல்லாக் காரும் அந்தச் சிவிக்தான். கார் நிற்கிறது என்றால் என்ன? ஓட்டத்தின் சக்தி முழுக்கப் பிரேக்கிலே சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. ஆளோடு 1,100 கிலோ வருகிற ஒரு காரை 140இலிருந்து ஒரு தடவை நிறுத்துகிற சூட்டிலே, கிட்டத்தட்ட இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய கேத்தில். வீட்டிலிருந்து கடைக்குப் போகும்போது அப்படி நிறுத்துகிறோமா? சேர்க்கிட்டிலே ஒரு சுற்றுக்குப் பல தடவை, இடையில் ஆற நேரமில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புது டொட் 3 ஒயில் 205 பாகையில் கொதிக்கும். ஈரம் குடித்தது 140இலேயே கொதித்துவிடும். டொட் 4 என்றால் புதிது 230, ஈரமானது 155. கொதித்தால் குமிழி. ஒயில் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் நிலத்திலே போய் முட்டும், கார் போய்க்கொண்டே இருக்கும். நான் வாங்கின நாளிலிருந்து அந்த ஒயிலை மாற்றவில்லை. மகன் றோட்டிலே 92இல் ஓடினதும் அதே ஒயிலோடுதான். அன்றிரவு அதை நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை.

போர்முலா வண் காருக்கே இதுதான் கதை. எங்கள் ஊர்ச் சேர்க்கிட் பிரேக்கைத் தின்கிற சேர்க்கிட் என்று பெயர் எடுத்தது. 2012இல் கார்த்திகேயன் இங்கே ஓடியபோது அவருடைய காரும், அதே அணியின் மற்றக் காரும், இரண்டும் பிரேக் கோளாறால்தான் இடையில் நின்றன.

ஆகவே தம்பிமாரே, நீங்கள் சைலன்சருக்கும் பின்னுக்குப் பூட்டுகிற செட்டைக்கும் வைத்திருக்கிற காசை முதலில் பிரேக்கிலே போடுங்கோ. புது ஒயில், நல்ல பாட், வெடிக்காத குழாய். அடுத்தது ரயர். அதற்குப் பிறகு காரைத் தூக்கிக் கீழே பாருங்கோ. இந்த ஊர் றோட்டிலே போடுகிற உப்பு எங்கள் பழைய கார்களை அடியிலிருந்து தின்கிறது. சிவிக்கின் பின்சில்லு வளைவும் ஜக் வைக்கிற இடமும் கறள் பிடித்து, ஸ்குரூட்றைவரால் குத்தினால் உள்ளே போனது. நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்கக் கராஜில் படுத்துக் கிடந்து வெட்டி ஒட்டினோம். போட்டிக்குப் போகிற காருக்கு ரோல் கேஜ் என்கிற இரும்புக் குழாய்க் கூடு வேணும். கறள் பிடித்த தரையிலே அதை ஒட்டினால் பப்படத்திலே கம்பி நட்ட மாதிரி. இன்னொன்று, கூடு போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் றோட்டிலே ஓடாதேங்கோ, குழாயிலே மண்டை அடிபடும். எஞ்சினை நாங்கள் தொடவே இல்லை. ரைமிங் பெல்ற், தண்ணிப் பம்பு, றேடியேற்றர் புதிது. 106 குதிரை அப்படியே.

ஹெல்மெட் பற்றிக் கட்டாயம் ஒன்று. மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டிலே ஸ்நெல் எம் என்று இருக்கும், காருக்கு எஸ்.ஏ. எழுத்து வேணும். எஸ்.ஏ. என்றால் நெருப்புக்கும், கூட்டுக் குழாயிலே அடிபடுகிறதுக்கும் சோதித்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுத் தரம் வரும். மலிவாய்க் கிடைக்குது என்று இரண்டாம் கை ஹெல்மெட் வாங்காதேங்கோ. அது எங்கே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

தாய்மார் கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும்: இதெல்லாம் வெள்ளைக்காரப் பணக்காரரின் விளையாட்டல்லவா? மேலே போகப் போக உண்மைதான். மொன்-ட்ரம்ப்ளானிலே 1964இலிருந்து இருக்கிற அழகான சேர்க்கிட்டின் வாசலிலே நின்ற கார்களைப் பார்த்து நான் எங்கள் சிவிக்கை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். ஆனால் இந்த மாகாணத்தின் பெருமையான ஜில் வில்நெவ் எப்படித் தொடங்கினார்? பெர்தியேவில் என்ற சின்ன ஊரிலே வளர்ந்தவர். தான் றோட்டிலே ஓடிய 1967ஆம் ஆண்டு மஸ்ராங் காரை மாற்றியமைத்து உள்ளூர் நேரோட்டப் போட்டிகளுக்குக் கொண்டு போனார். குளிர்காலத்தில் பனிவண்டி ஓடிச் சம்பாதித்தார். ட்ரம்ப்ளானில் இருந்த பள்ளியில் படித்துத்தான் போட்டி லைசென்ஸ் எடுத்தார். 1973இல் இரண்டு வருடப் பழைய காரை வைத்துக் கியூபெக் போர்முலா போர்ட் பத்துப் போட்டியில் ஏழை வென்றார். ஐந்து வருடத்தில், 1978 ஒக்டோபர் 8ஆம் திகதி, நொட்ர்-டாம் தீவிலே நடந்த முதலாவது கிராண்ட் பிறீயை வென்றார். 1982இல் பெல்ஜியத்தில் ஓடும்போது இறந்தார். அந்தச் சேர்க்கிட்டுக்கு இப்போது அவர் பெயர். நாங்கள் கோடையில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓடுகிற இடம் அது. அவர் கார் ஓட வீட்டையும் விற்றவர். அதை உங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. மனைவி முறைத்துப் பார்க்கிறா.

மலிவான வழியும் வந்தது. 2015இல் நிசான் மைக்ரா என்ற சின்ன வீட்டுக் காரை வைத்து இங்கே ஒரு போட்டித் தொடர் தொடங்கினார்கள். அந்தக் கார் கடைக்கு வந்தபோது விலை 9,998 டொலர், கனடாவிலேயே மலிந்த புதுக் கார். அந்தத் தொடரிலே எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின்; காசு கூடினவர் வேகம் கூட வாங்க முடியாமல் இருந்தது. எங்களுக்கு அதுவும் எட்டவில்லை. சிவிக்தான்.

இப்ப பயமான விசயம். எங்களுக்கு ஒரு பழக்கம்: எது நடந்தாலும் எஸ்.ஏ.ஏ.கியூ. தரும் என்று. இந்த மாகாணத்தில் றோட்டு விபத்திலே பிழை யாரில் என்று பாராமல் உடற்காயத்துக்கு அவர்கள் தருகிறார்கள், உண்மை. ஆனால் வாகனக் காப்புறுதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படியுங்கோ. மூடிய பாதையிலே நடக்கிற போட்டியில் வருகிற காயம் அதற்குள் இல்லை. வைத்தியம் சுகாதார அட்டையிலே நடக்கும். வேலை போனால் சம்பளத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். காருக்கு நீங்கள் எடுத்திருக்கிற காப்புறுதியும் பெரும்பாலும் போட்டியை விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே போகமுதல் மூன்று கேள்வி கேளுங்கோ: ஒழுங்கு செய்கிறவர் ஓட்டோ ஸ்போர்ட் கியூபெக் போன்ற அமைப்பின் விதிக்குக் கீழேயா நடத்துகிறார்? என்ன காப்புறுதி வைத்திருக்கிறார்? அம்புலன்ஸ் நிற்குமா? கையெழுத்து வைக்கிற தாளை வாசியுங்கோ. பிரெஞ்சு விளங்காவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கோ. எங்கள் வீட்டில் மகளை வைத்து வாசித்தேன். மகன் வாசித்தால் ஆபத்தான பகுதியை விட்டுவிடுவான்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, புத்தாண்டு கழிந்து ஒரு கிழமை, தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் போட்டியிலே ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள்ளே பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதிலே ஒரு எட்டு வயதுப் பெண்பிள்ளை. செய்தியைப் பார்த்த அன்று நான் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனும் பார்த்திருந்தான். எங்கே தடுப்பு இல்லையோ அங்கே நிற்காதேங்கோ. வளைவின் வெளிப்பக்கத்தில் படம் எடுக்கப் போகாதேங்கோ. இலவசம் என்றாலும் போகாதேங்கோ.

மகன் போட்டிப் பள்ளியிலே படித்து, வைத்தியர் சோதித்து, லைசென்ஸ் எடுத்து, முதல் போட்டி ஓடியது 2018இல், மிராபெலில். 18 கார். ஆரம்பத்தில் கடைசி வரிசை. நான் குழியோரம் ஒரு ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்ய இல்லாவிட்டாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி அன்றுதான் முதன்முதலாக வந்தா. காருக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தா. பாதியில் ஒரு கார் இவனைக் கடக்க வந்தது. இவன் விட்டுக் கொடுக்காமல் இழுப்பான் என்று பயந்தேன். நீலக் கொடி காட்டினார்கள். கையை வெளியே காட்டி வழி விட்டான். றோட்டிலே ஒருவனுக்கும் வழி விடாத பிள்ளை. பதினைந்தாவதாக வந்தான். இரண்டு பேர் எஞ்சின் சூடாகி நின்றதால் பதினைந்து. அதை அவன் சொல்லமாட்டான், நான் சொல்கிறேன்.

அந்த வயதான பரிசோதகர் வந்து பின்சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒயில்?" என்று கேட்டார். "போன கிழமை மாத்தினது" என்றேன். தலையை ஆட்டினார்.

இரவு திரும்பி வரும்போது 15ஆம் நெடுஞ்சாலையிலே ஒருவன் பின்னுக்கு வந்து முட்டுகிற மாதிரி லைற் அடித்துக்கொண்டு வந்தான். சிவிக்கை இழுத்துக்கொண்டு வந்த வானை மகன் ஓட்டினான். ஒன்றும் சொல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி விட்டான். மனைவி அப்போதுதான் முருகனைக் கைப்பையிலிருந்து எடுத்து முன்னுக்கு வைத்தா.

சிவிக் இப்பவும் எங்கள் கராஜில் நிற்கிறது. மே மாதத்தில் இறக்க வேணும், பின்பக்கத்தில் திரும்பவும் கறள். இப்போது கேட்பது மகள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து கராஜிலே கிறீஸ் பூசிக்கொண்டு நிற்கிறாள். எதிர்பார்க்காத கரைச்சல்!

விருந்துக்குப் பிறகு நான் பின்கதவுப் பக்கம் நிற்பேன். எஸ்.ஏ. எழுத்துப் போட்ட ஹெல்மெட்டும் பழைய பிரேக் பாட்டும் கொண்டு வந்திருக்கிறேன். தொட்டுப் பார்க்க விரும்புகிற தம்பிமார், தங்கச்சிமார், தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ.